அளவெடுத்துச் செய்த லினக்ஸ்

பல் செட் செய்பவருக்கு ரெடிமேட் என்ற சொல்லே ஆகாது. ஒரு வாய்க்கு நான்கு முறை அச்செடுப்பார். கடித்துப் பார், சிரித்துப் பார், 'ழ' சொல்லிப் பார் என்று வந்தவரைப் பாடாய்ப் படுத்திவிட்டுத்தான் பல்லைக் கையில் கொடுப்பார்.

வீட்டு லேப்டாப் விஷயத்திலும் அதே பிடிவாதம். பதினோரு வயதான அந்த லேப்டாப்பில் ஓடுவது லினக்ஸ் என்கிற இயங்குதளம். அதுவும் எல்லோரும் போடுகிற தயார் நிலை லினக்ஸ் அல்ல. ஒவ்வொரு மென்பொருளின் மூல நிரலையும் இறக்கி, தானே கம்பைல் செய்து, அதாவது மெஷினுக்குப் புரிகிற கட்டளைகளாக மாற்றி, ஏற்றிக்கொள்கிற வகை. மெஷினின் மூளையான ப்ராசஸர்களில் எதற்காகக் கம்பைல் செய்ய வேண்டும் என்று ஒரு கோப்பில் ஒரு வரி எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை தற்செயலாக அந்த வரியைப் பார்த்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. எந்த ப்ராசஸரிலும் ஓடும், எதிலும் பறக்காது என்கிற பொதுவான அளவு அதில் இருந்தது.

"பதினோரு வருஷமா இதுக்கு ரெடிமேட் பல்லை மாட்டி வச்சிருக்கேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"ஓடுதுல்ல? அப்படியே விடுங்க" என்றாள் மனைவி.

அவள் ஒன்பது வருடமாக நூலகத்தில் உதவியாளர். தலைமை நூலகர் பதவி இப்போதுதான் காலியாகியிருந்தது. விண்ணப்பத்தோடு, நூலகத்தை எப்படி நடத்துவேன் என்று ஒரு திட்டமும் எழுதி அனுப்ப வேண்டும். பன்னிரண்டு பக்கம் எழுதி முடித்து அந்த லேப்டாப்பில்தான் வைத்திருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும். சனிக்கிழமை ராத்திரி கடைசியா ஒரு தடவை படிப்பேன், ஞாயித்துக்கிழமை டியூட்டி முடிஞ்சு வந்து அனுப்புவேன். அதுவரைக்கும் அதுல கை வைக்காதீங்க."

"நான் கை வைக்கிறதே உனக்காகத்தாம்மா. திறக்கச் சொன்னா கொட்டாவி விட்டுட்டுத் திறக்குது. பறக்கும் பாரு!"

எல்லாவற்றையும் புதிதாகக் கம்பைல் செய்ய அந்தப் பழைய லேப்டாப்புக்கு மூன்று நாள் பிடிக்கும். அதனால் சனிக்கிழமை மச்சினனை வரவழைத்தார். மச்சினன் புகைப்படக்காரன். வீடியோ வெட்டி ஒட்டுவதற்காகப் போன மாதம்தான் பெரிய லேப்டாப் ஒன்று வாங்கியிருந்தான்.

"அத்தான், அந்தக் கிழவனுக்கு மேக்கப் போட்டு என்ன ஆகப்போகுது? பேசாம குப்பையில போடுங்க."

"உன் மெஷினை ஒரு நாள் கொடு. பேச்சைக் குறை."

பழைய லேப்டாப்பின் லினக்ஸை அப்படியே புதியதில் நகலெடுத்து, ப்ராசஸர் வரியில் 'இந்த மெஷினுக்கு உரியது' என்று பொருள்படும் கட்டளையை எழுதினார். கம்பைலர் ராத்திரி முழுக்க உழைத்தது. ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு எல்லாவற்றையும் பழைய லேப்டாப்பில் கொண்டுவந்து ஏற்றிவிட்டு, விரலைச் சொடுக்கி முதல் கட்டளையைத் தட்டினார்.

'செல்லாத ஆணை' என்று திரை ஆங்கிலத்தில் சொன்னது.

கோப்புகளைக் காட்டச் சொன்னார். செல்லாத ஆணை. மணி என்ன என்று கேட்டார். அதுவும் செல்லாதாம். அணைத்துப் போட்டார். அவ்வளவுதான், நான்கு வரி ஓடி அப்படியே உறைந்து நின்றது.

அப்போதுதான் விஷயம் உறைத்தது. 'இந்த மெஷின்' என்று அவர் நினைத்தது பழையதை. கம்பைலர் நினைத்ததோ, தான் உட்கார்ந்திருக்கும் புதியதை. அதன் ப்ராசஸருக்கு மட்டும் தெரிந்த வித்தைகளையெல்லாம் சேர்த்துக் கட்டிவிட்டது. பழைய ப்ராசஸருக்கு அதெல்லாம் வேற்று மொழி. முப்பது வருடத் தொழிலில் செய்யாத தப்பு: மச்சினன் வாயில் அச்செடுத்து, கிழவர் வாயில் பல்லை மாட்டியிருந்தார்.

நாலே காலுக்கு மனைவி வந்தாள். கூடவே லேப்டாப்பைத் திரும்ப வாங்கிப் போக மச்சினனும் வந்தான். கணவர் முகத்தைப் பார்த்ததுமே அவள் கைப்பையைக் கீழே போட்டாள்.

"கை வச்சுட்டீங்களா?"

"கொஞ்சம்தான்."

"என்னோட பன்னிரண்டு பக்கம்?"

"பத்திரமா இருக்கு. உள்ளே இருக்கு. வெளியே வரத்தான் மாட்டேங்குது."

"காப்பி எடுத்து வச்சீங்களா?"

"எடுத்தேனே! ரெண்டு காப்பி."

"எங்கே?"

அவர் அதே லேப்டாப்பை விரலால் தொட்டுக் காட்டினார். மச்சினன் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றான்.

"சிரிக்காதடா! ஒன்பது வருஷம் அடுத்தவங்க அடுக்கச் சொன்ன மாதிரியே புஸ்தகம் அடுக்கினேன். இன்னைக்கு ஒரு நாள்தான் எனக்கு." என்றாள் அவள்.

சிரிப்பு அடங்கியது. மணி நாலு இருபத்தைந்து.

பல் செட் செய்பவர் மேசையைப் பார்த்தார். இந்தப் பக்கம் பல் பொருந்தாத வாய். அந்தப் பக்கம் அளவெடுத்த வாய். சட்டென்று எழுந்து, பல்லைத் தேய்க்கிற கருவிகளுக்கு நடுவிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தார்.

"மச்சான், படம் சேமிச்சு வைக்கிற டிஸ்க் பெட்டி ஒண்ணு உன் பையில இருக்கும்ல? உள்ளே இருக்கிறதைக் கழட்டிட்டுக் காலிப் பெட்டியா கொடு."

"எதுக்கு அத்தான்?"

"கேள்வி அஞ்சு மணிக்கு மேல."

பழைய லேப்டாப்பின் வயிற்றைத் திறந்து டிஸ்க்கை உருவினார். பெட்டிக்குள் பொருத்தி, கேபிளைப் புதிய லேப்டாப்பில் செருகி, அந்த டிஸ்க்கிலிருந்தே தொடங்கும்படி மாற்றிவிட்டு ஆன் செய்தார்.

நான்கு வரி ஓடியது. ஐந்தாவது வரியும் ஓடியது. அடுத்த கணம் மனைவியின் திரை, அவள் வைத்த படம், அவள் கோப்பு எல்லாம் பளிச்சென்று வந்து நின்றன.

"நகருங்க" என்று அவரைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். பன்னிரண்டு பக்கத்தையும் ஓட்டிப் பார்த்தாள். விண்ணப்பத்தோடு இணைத்தாள். நாலு ஐம்பத்திரண்டுக்கு 'பெற்றுக்கொண்டோம்' என்று பதில் வந்தது.

"பறக்குதா இல்லையா?" என்றார் கணவர், ஒன்றுமே நடக்காததுபோல.

"உங்ககிட்ட அப்புறம் பேசிக்கிறேன்" என்றாள் அவள். ஆனால் நாற்காலியை விட்டு எழவில்லை. ஒரு கோப்பைத் திறந்தாள், மூடினாள், இன்னொன்றைத் திறந்தாள். தட்டினால் வருகிறது!

தம்பி தொண்டையைக் கனைத்தான். "அக்கா, என் மெஷின்..."

"இன்டர்வியூவுக்குத் தயார் பண்ண வேண்டாமாடா? அதுவரைக்கும் இங்கேயே இருக்கட்டும்."

"எனக்கு எடிட்டிங் வேலை கிடக்குக்கா! சரி, இன்டர்வியூவுக்குக் கூப்பிடலேன்னா?"

அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. அக்கா மெதுவாகத் திரும்பி அவனைப் பார்த்தாள். அத்தான் அவசரமாக ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"கூப்பிடுவாங்கக்கா. கண்டிப்பா கூப்பிடுவாங்க" என்று சொல்லிக்கொண்டே, கேமரா பையை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டு தம்பி படியிறங்கினான்.