சகினாவின் நாற்காலி

அடையாறு பக்கம் ஒரு போலீஸ் அலுவலகத்தில் வருடாவருடம் இந்தக் கூத்து நடக்கும். அக்டோபர் பிறந்ததும், பணியில் உயிர்விட்ட காவலர்களின் குடும்பங்களுக்கு, காவலர் நினைவு நாளுக்கான அழைப்புக் கடிதம் டைப் அடிப்பவள் சகினா. அதில் ஒன்று அவள் பேருக்கே. தானே அடித்து, தானே கையெழுத்துப் போட்டு வாங்கி, தானே ஃபைலில் வைப்பாள்.

அவள் வீட்டுக்காரர் ஹனீஃபா, ஏட்டு. தி.நகர் வாகன சோதனையில் நிற்காத பைக்கை மறித்தார். ஓட்டியவன் மேலே ஏற்றிவிட்டுப் போய்விட்டான். கருணை அடிப்படையில் சகினாவுக்குக் கிடைத்ததுதான் இந்த வேலை. பதினோரு வருடமாக நினைவு நாளில் குடும்பத்தார் வரிசையில் அவளுக்கும் ஒரு நாற்காலி உண்டு. ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை. பூத்தட்டைப் பிடித்துக்கொண்டு அதிகாரிகள் பின்னால் வேறு யார் நிற்பது? ஸ்டாஃப் ஆயிற்றே! ஹனீஃபா பேரை வாசிக்கும்போதும் தட்டு கையில்தான் இருக்கும். கண்ணைத் துடைக்க ஒரு கை மிச்சமிருக்காது.

இந்த வருடம் உயிர்விட்டவர்கள் பட்டியலில் புதுப் பெயர் ஒன்று சேர்ந்தது; அவர் மனைவி சின்னப் பெண். அலுவலகக் கண்காணிப்பாளர் ஸ்ரீனிவாசராகவன் நல்ல மனிதர்தான். யோசிக்காமல் பேசுவார், அவ்வளவுதான்.

"ஏம்மா சகினா, உன் சேர் எப்பவும் சும்மாதானே கெடக்கு? அந்தப் புதுப் பொண்ணுக்குக் குடுத்துடலாமா?"

'சரி சார்' என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். நாற்காலிப் பட்டியலை அடிப்பதும் அவள்தானே. தன் பேரை அப்படியே வைத்து, பக்கத்தில் இன்னொரு நாற்காலி சேர்த்து அந்தப் பெண்ணின் பேரை அடித்தாள். அப்புறம் லீவு விண்ணப்பம் எழுதினாள். காரணம்: சொந்த வேலை. பொய்யா என்ன?

"ஃபங்ஷன் அன்னிக்கா லீவு? அப்படி எங்கம்மா போற?"

"பக்கத்துலதான் சார்."

முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

நினைவு நாளன்று காலை திருவல்லிக்கேணியிலிருந்து பஸ் பிடித்து, ஹனீஃபா எடுத்துக்கொடுத்த பச்சைப் புடவையில் வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் புதிதாக வந்த ஜோயா, மடியில் கைக்குழந்தையோடு. மைக்கில் பெயர்களை வாசிக்க ஆரம்பித்தார்கள். பூத்தட்டோடு தடுமாறிய ஸ்ரீனிவாசராகவன் சகினாவைப் பார்த்ததும் ஓடி வந்து குனிந்தார்.

"நல்லவேளை, வந்துட்டியா! இந்தத் தட்டைப் புடிம்மா."

"நான் இன்னிக்கு லீவு சார்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மைக்கில் ஹனீஃபா பேர் வந்தது. தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். சகினா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.