கைராசிக்காரர்

1

இந்தக் கதை ஒரு மருத்துவமனை வரிசையில் கிடைத்தது. என் மனைவி உள்ளே இருந்தாள். அது வேறு கதை. பின்னால் நின்ற பெண் தன் தங்கையிடம் சொன்னாள்: "அந்த டாக்டர் கேட்டா வலி இல்லைன்னே சொல்லு. காலையில அவர் எங்க வேலை பார்க்கறார்னு தெரியும்ல?" தங்கை தலையாட்டினாள். எனக்கு அது போதும்.

2

முதல் தொடக்கம்: 'டாக்டர் தூங்கிப் பல மாதங்கள் ஆயின.'

அடித்துவிட்டேன். அவர் நன்றாகத் தூங்குகிறார். மனசாட்சி உறுத்துகிறவராக எழுதினால் உங்களுக்கும் எனக்கும் சௌகரியம். ஆனால் அவர் சந்தோஷமான மனிதர். மாடியில் ரோஜாத் தொட்டிகள் வைத்திருக்கிறார். அவற்றைப் பிள்ளைகளைப் போல

[வேண்டாம்.]

காலை எட்டு மணிக்கு விசாரணைக் கட்டடத்தில் இருப்பார். யாரையும் அடிப்பதில்லை. அடிபடுகிறவரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்ப்பார். "தாங்குவார்" என்பார், இல்லையென்றால், "கொஞ்சம் விடுங்க." கத்துகிறவர்களில் பாதிப் பேர் நடிக்கிறார்கள் என்று விசாரணை அதிகாரி சொல்வார். டாக்டருக்கும் அப்படியே நினைத்துப் பழகிவிட்டது.

[சென்ற வாரம் ஒரு கைதி வலி தாங்காமல் சொன்ன முகவரிக்கு நான்கு வண்டிகள் போயின. அங்கே குடிநீர்த் தொட்டி இருந்தது. மறுநாள் இன்னொரு முகவரி சொன்னார். அது பல் டாக்டர் வீடு. அவரையும் கூட்டி வந்தார்கள். கோப்பு தடித்தது. நாட்டின் பாதுகாப்பு அதற்குள் இருப்பதாக எல்லோரும் நம்பினார்கள்.]

3

மாலை ஐந்துக்குச் சொந்த கிளினிக். தெருமுனை டெய்லரை அவர் மனைவி கைத்தாங்கலாகக் கூட்டிவந்தாள்.

"வாங்க டெய்லர். சட்டை முடிஞ்சுதா, சாக்கு சொல்ல வந்தீங்களா?"

"காலர் மட்டும் பாக்கி டாக்டர்."

"ரெண்டு மாசமா காலர்தான் பாக்கி. படுங்க."

வலது அடிவயிற்றை அழுத்தி, சட்டென்று கையை எடுத்தார். குடல்வால் வீங்கியிருந்தால், கையை எடுக்கும் அந்த நொடியில் வலியில் உயிர் போகும்.

"வலிக்குதா?"

டெய்லரின் கால்விரல்கள் மடங்கின. நெற்றி வியர்த்தது. "இல்லீங்க. வாயுன்னு நினைக்கறேன்."

"ஏங்க, காலையிலேர்ந்து..."

"நீ சும்மா இரு," என்றார் டெய்லர், சிரித்த முகமாக.

இந்தத் தெருவில் யாருக்கும் இந்த டாக்டர் முன்னால் வலித்ததில்லை. தன் கை பட்டாலே வலி போய்விடுகிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். கைராசி. தன் மனைவியிடம்கூடச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறார்.

மடங்கிய விரல்களைப் பார்த்தார். காலையில் அப்படி மடங்கும் விரல்களை அவர் கண்டுகொள்வதில்லை. இப்போதும் கண்டுகொள்ளவில்லை.

4

முடிவு ஒன்று: வாயு மாத்திரை. இரண்டாம் நாள் குடல்வால் வெடிக்கிறது. எழுதிப் பார்த்தேன். நன்றாக வந்தது. அதனாலேயே கிழித்தேன்.

முடிவு இரண்டு: டாக்டருக்கு எல்லாம் புரிந்து, காலை வேலையை விட்டு

இல்லை. அவருக்கு அந்த வேலை பிடித்திருக்கிறது.

மீதம் இருப்பவள் டெய்லரின் மனைவி. டெய்லர் காலையிலிருந்து நான்கு முறை வாந்தி எடுத்தது அவளுக்குத் தெரியும். சொன்னால் இப்போதே ஆபரேஷனுக்கு அனுப்பலாம், பிழைப்பார். ஆனால் தன் புருஷனுக்கு எங்கே தொட்டால் வலிக்கும் என்பதை இந்த மனிதரிடம் சொல்ல வேண்டும்.

அவளுக்கு வசனம் எழுத என்னால் முடியவில்லை. அவள் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கிறது, நீங்கள் உட்காருங்கள். டாக்டர் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி மருந்துச் சீட்டில் கையெழுத்துப் போடுகிறார். அவள் உங்களைப் பார்க்கிறாள்.