தாவூது கம்ப்யூட்டரின் பாகப்பிரிவினை

கம்ப்யூட்டரைக் கூடத்துக்குத் தூக்கி வந்து பாயில் வைத்தபோது தாவூதின் பிள்ளைகள் மூன்று பேரும் மூன்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். நான்காவது சுவர் எனக்கு. லுஹர் என்கிற மதியத் தொழுகை முடிந்து அரைமணி ஆகியிருக்கும். ஒருவரும் ஒருவர் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாரும் கம்ப்யூட்டரைப் பார்த்தார்கள். அது என்ன தப்புச் செய்தது, பாவம்.

நான் பாக்கியசீலன். பாளையங்கோட்டையில் ரேடியோ பழுது பார்க்க ஆரம்பித்து, டி.வி.க்கு மாறி, கடைசியில் கம்ப்யூட்டரில் வந்து நிற்கிறவன். தொண்ணூற்றிரண்டு வெள்ளத்தில் சேரன்மகாதேவியில் நான் சரி செய்து கொடுத்திருந்த ரேடியோ ஒன்று ஆற்றோடு போய்விட்டது. போகிற வழியெல்லாம் வெள்ள எச்சரிக்கை வாசித்துக்கொண்டே போனது. வண்ணாரப்பேட்டை வந்ததும் பேட்டரி தீர்ந்துவிட்டது, அதற்குக் கீழே நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. இதைச் சொன்னால் மேலப்பாளையத்தில் ஒரு ஆளும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகிறது. அன்றைக்கு அந்த அவநம்பிக்கைதான் எனக்கு வேண்டியிருந்தது.

மேலப்பாளையத்தில் தாவூது நடத்திய டைப்பிங் கடைக்குப் பத்திருபது வருடமாக நான்தான் மெக்கானிக். அவர் மௌத்தாகி அடக்கம் முடிந்த மூன்றாம் நாளே மூத்தவன் சுஹைல் கடையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டான். பழைய இரும்பு வியாபாரி. வீடு, வயல், கடை எல்லாவற்றையும் பெரியவர்கள் வைத்து முறைப்படி பிரித்தாயிற்று. ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று. இரண்டு மகன், ஒரு மகள், ஆக ஐந்து பங்கு. கடை சுஹைல் பக்கம் போனது. அதை இரும்பு குடோனாக்கப் போகிறான். மிஞ்சியது இந்தக் கம்ப்யூட்டர். யாராவது ஒருத்தர் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பெரியவர்கள் சொன்னார்கள். யார் எடுத்தாலும் மற்ற இரண்டு பேருக்கும் உறக்கம் வராது. விற்கவும் சுஹைல் விடவில்லை. கழற்றிப் பங்கு போடச் சொன்னான். பெரியவர்கள் இஞ்சி டீயைக் குடித்துவிட்டு, "உங்க பாடு" என்று எழுந்து போய்விட்டார்கள்.

இதில் நிஜமாகப் பறிகொடுக்க இருந்தது நடுவில் பிறந்த ஃபஹ்மிதா ஒருத்திதான். புருசன் விட்டுப்போன பிறகு பதினோரு வருடம் அந்தக் கடையில் தட்டியவள் அவள். நிக்காஹ் பத்திரிகை, பாஸ்போர்ட் விண்ணப்பம், வளைகுடா வேலைக்கான பயோடேட்டா என்று பாதி ஊர் அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருந்தது. கடைத்தெரு மாடியில் ஓர் அறை பிடித்துவிட்டாள். திங்கட்கிழமை திறக்க வேண்டும். அந்த விவரங்கள் கையில் இருந்தால் ஊர் மாடி ஏறும். இல்லாவிட்டால் ஏறாது.

முந்தின நாள் பாளையங்கோட்டைக்கு வந்து என் வீட்டு வாசலில் நின்றாள்.

"அண்ணாச்சி, நான் கேக்குததுக்காகவே சுஹைல் காக்கா அதை எடுத்துக்கிடும். ரெண்டு வருசம் முந்தி நீங்க புது டிஸ்க்கு மாட்டுனியள்லா, சின்னதா? பழசு செத்துப்போயி உள்ளயேதான் கெடக்கு. எதுல எல்லாம் இருக்குன்னு காக்கா கேட்டா பழசைக் காட்டிருங்க. ஒரு பொய் சொல்லுங்க. ஒங்களுக்கு அது பெரிய வேலையா?"

"யோசிக்கேன்" என்றேன். அவளுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை.

கூடத்தில் எல்லாரும் பார்க்கத் திருப்புளியை எடுத்தேன். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியதும் இரண்டு வருடத் தூசி மூக்கில் ஏறியது. ஒவ்வொன்றாக எடுத்துப் பாயில் வரிசையாக வைத்தேன். மானிட்டர். கீபோர்டு. மவுஸ். வெறும் இரும்புக் கேபினெட். கரண்டை வாங்கி மற்றதுக்கெல்லாம் பிரித்துக் கொடுக்கிற பவர் சப்ளை. எல்லாம் உட்காருகிற மதர்போர்டு. கணக்கெல்லாம் போடுகிற பிராசசர், தலைமேல் அலுமினியக் கட்டியும் காற்றாடியுமாக. கரண்டு போனால் எல்லாவற்றையும் மறந்துவிடுகிற ராம். தட்டியதை எல்லாம் சேர்த்து வைக்கிற, செங்கல் துண்டு மாதிரி பழைய ஹார்டு டிஸ்க். அப்புறம் அதன் வேலைக்கு வந்த புதுசு, எஸ்.எஸ்.டி., உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புத் தட்டை டப்பா. ஊதினால் நகரும். ஆகப் பத்து உருப்படி. மகன்களுக்கு நாலு நாலு, மகளுக்கு இரண்டு. முதல் சுற்றில் இரண்டு, இரண்டு, ஒன்று. மறு சுற்றிலும் அப்படியே.

சுஹைல் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான்.

"வே, அவ தட்டுனதெல்லாம் இதுல எதுல இருக்கு?"

ஃபஹ்மிதா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். நான் கறுப்பு டப்பாவைத் தொட்டுக் காட்டினேன்.

"இதுல. அந்தப் பெரிசு செத்து ரெண்டு வருசமாச்சு. உள்ளதை எல்லாம் நான்தான் இதுக்கு மாத்துனேன்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதப் போவதில்லை. எழுபத்தொரு வயதில் அதைத் திரும்ப நினைத்துப் பார்ப்பது உடம்புக்கு ஆகாது.

சுஹைல் இரண்டையும் இரண்டு கையில் எடுத்தான். இரும்புக்காரன், தராசு வேண்டாம். வலது கை தாழ்ந்தது, இடது கை அந்தரத்தில் நின்றது.

"பிரிண்டருக்குள்ள பல்லி முட்டை போட்டு, பொரிச்ச குஞ்சு முதுகுல எழுத்து அச்சாயி வந்துச்சுன்னு எங்க வாப்பாகிட்ட சொன்ன ஆளுதானே நீரு?"

"ஆமா. ஒரு குஞ்சு முதுகுல 'உண்மை நகல்'னு இருந்துச்சு."

"அப்ப இதையும் நம்பணுமாக்கும்."

"நம்புனா நம்பும். உள்ளதைச் சொன்னேன்."

"பதினோரு வருசம் இந்த அப்பளத்துக்குள்ள இருக்கா? எடை இல்லாத பொருளுக்குள்ள என்னவே இருக்கும்? அவ ஒம்மகிட்ட நேத்து வந்து போனது எனக்குத் தெரியாதுன்னா நெனைக்கீரு?"

டப்பாவைப் பாயில் விட்டெறிந்தான். பழைய ஹார்டு டிஸ்க்கைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். கூடவே கேபினெட்டையும் எடுத்தான், அதுவும் இரும்பு.

நான் பொய் சொல்லியிருந்தால் அவன் கை நேராக அந்த அப்பளத்துக்குப் போயிருக்கும். ஊருக்கு என்னைத் தெரியும், எனக்கு ஊரைத் தெரியும். ஆனால் ஒரு ஆளை மறந்து போயிருந்தேன்.

இளையவன் ஃபாரிஸ் ஷார்ஜாவில் மொபைல் கடையில் ஆறு வருடம் நின்றவன். அவனுக்கு எஸ்.எஸ்.டி. எது, செங்கல் எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. லாத்தாவோடு, அதாவது அக்காவோடு, அவனுக்கும் பேச்சில்லை. தங்க மாலை ஒன்றை முன்னிட்டு நாலு வருடமாக ஸலாம்கூடக் கிடையாது. பாயைப் பார்த்தான். டப்பாவைப் பார்த்தான். அப்புறம் அண்ணன் தொடைக்கு அடியில் இருப்பதைப் பார்த்தான். மானிட்டரையும் மதர்போர்டையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

ஃபஹ்மிதாவின் முறை. டப்பா அவள் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. அவள் கை அதைத் தாண்டிப் போய்க் கீபோர்டை எடுத்தது. அவள் டப்பாவைத் தொட்டிருந்தால் சுஹைல் மறு சுற்றிலேயே எல்லாவற்றையும் புரட்டிப் போட்டிருப்பான். அது எனக்கு உறைக்கும் முன்னால் அவளுக்கு உறைத்துவிட்டது.

மறு சுற்றில் சுஹைல் பவர் சப்ளையையும் அலுமினியக் கட்டி பிராசசரையும் எடுத்தான். கனத்தில் தப்பு விடுகிற ஆள் இல்லை. பாயில் மிஞ்சியது மவுஸ், ராம், டப்பா. இதில் இரண்டு ஃபாரிஸுக்கு.

அவன் அவசரப்படவில்லை. டப்பாவை எடுத்தான். திருப்பினான். பின்னால் ஒட்டியிருந்த சீட்டை, எத்தனை ஜி.பி. என்று போட்டிருக்கிற இடத்தை, விரல் வைத்துப் படித்தான். தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தான். நாலு வருடத்தில் அதுதான் முதல் பார்வை என்று நினைக்கிறேன். பாசம் என்று யாரும் சொல்ல முடியாது.

"என்னலே பாக்கே? எடு" என்றான் சுஹைல்.

"ஒனக்குத்தான் எல்லாம் தெரியுமே காக்கா. நான் என்னத்தைப் பாக்க" என்றான் ஃபாரிஸ். அண்ணன் மேல் இருந்த வஞ்சம் லாத்தா மேல் இருந்ததைவிட ஒரு கிராம் கூடுதலாக இருந்திருக்க வேண்டும். டப்பாவை அவள் பக்கம் தள்ளிவிட்டான். ராமைச் சட்டைப்பையில் போட்டு, மவுஸை வாலோடு சுருட்டிக்கொண்டு எழுந்தான். மானிட்டரையும் மதர்போர்டையும் கக்கத்தில் இடுக்கினான். வெளியே பைக் கிளம்புகிற சத்தம் கேட்டது.

"மிச்சம் எனக்காக்கும்" என்று ஃபஹ்மிதா அலுத்துக்கொண்டு டப்பாவை எடுத்து மடியில் வைத்தாள். கீபோர்டை அதன்மேல் வைத்தாள். இவ்வளவோடு எல்லாரும் எழுந்திருந்தால் நான் பஸ் பிடித்துப் போய்ச் சாப்பிட்டிருப்பேன்.

சுஹைல் எழுந்திருக்கவில்லை. வாசல் பக்கம் நகர்ந்து, தன் துணிப்பையிலிருந்து சுத்தியலையும் உளியையும் எடுத்தான். வரும்போதே கொண்டுவந்திருக்கிறான்.

"பாத்துக்கோளா. மாடியில கட போடப்போறியாம்லா. போடு."

ஹார்டு டிஸ்க்கை வாசற்படியில் வைத்து விளிம்பில் உளியைக் கொடுத்து அடித்தான். தொழில் தெரிந்தவன், நாலாவது அடியில் மூடி பெயர்ந்தது. உள்ளே தகட்டைப் படிக்கிற, ஊசி மாதிரி இருந்த கம்பிக் கையை முறித்து எறிந்தான். ஒவ்வொரு அடிக்கும் அவளைத் திரும்பிப் பார்த்தான். தலைவலிக்காரன் தைலம் தடவுகிற மாதிரி அவன் முகம் கொஞ்சங்கொஞ்சமாகத் தெளிந்துகொண்டு வந்தது.

ஃபஹ்மிதா அழுதாள். முதலில் அதை நான் நடிப்பு என்றுதான் எடுத்துக்கொண்டேன். நல்ல நடிப்பு என்று மனசுக்குள் மெச்சவும் செய்தேன். பிறகு அவள் தோள் குலுங்குவது நிற்கவில்லை. மூச்சு வாங்கியது. மூக்கு ஒழுகியது. உடைபட்டது செத்த பொருள் என்று தெரிந்தவள் இப்படி அழ வேண்டியதில்லை. ஆனால் அடித்தவன் அதை உயிரோடு இருப்பதாக நினைத்தல்லவா அடித்தான்.

"காக்கா, போதும்" என்றாள்.

"போதுமா?" என்றான் அவன்.

உள்ளே இருந்து வட்டத் தகட்டை நெம்பி எடுத்தான். கண்ணாடி தோற்கும், அப்படி ஒரு பளபளப்பு. இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்து முகம் பார்த்தான், தாடியை நீவிக்கொண்டான். வாசல் வெயில் தகட்டில் விழுந்து, எதிர்ச் சுவரில் நடுவே ஓட்டை போட்ட ஒரு வெளிச்ச வட்டம் வந்து நின்றது. அவனுக்கு அது பிடித்துப் போயிற்று. கையை லேசாக அசைத்தான். வட்டம் சுவரிலிருந்து இறங்கி அவள் முகத்தில் ஏறியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஈரமான கன்னத்தில் கொஞ்ச நேரம் ஆடிவிட்டு, முக்காட்டின் மடிப்பில் வழுக்கி, கீபோர்டின் எழுத்துகள் மேல் ஒவ்வொரு வரிசையாக நகர்ந்து, அதற்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த டப்பாவின் கறுப்பு விளிம்பில் வந்து நின்றது.