வீரையாவின் கடல்குதிரை

கட்டுக்கலைப் பிள்ளையார்மேல் ஆணை, இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

போர் நடந்துகொண்டிருந்த 2007இல், கண்டியில் ஓர் ஆய்வுக்கூடம் மறதி நோயை அறிய வயோதிபரின் மூளையை ஸ்கேன் எடுத்துக் கம்பியூட்டரால் அளந்துகொண்டிருந்தது. மறதிக்காரர் ஒருவர் வந்தால், ஒப்பிட்டுப் பார்க்க அதே வயதில் ஒரு சுகதேகியும் வேண்டும். மறதிக்காரன், பிலிமத்தலாவையில் இரும்புக்கடை வைத்திருந்த வீரையா. சுகதேகி, ஓய்வுபெற்ற கிளாக்கர் தேவராசாவாகிய நான்.

டொக்டர் யசோதா என்னைக் காட்டி வீரையாவிடம் கேட்டார்.

"ஐயா, இவர் ஆர்?"

வீரையா என்னை மேலும் கீழும் பார்த்தான். "தன்னே நே" என்றான்.

தெரியாது என்பதற்குச் சிங்களம். தமிழில் கேட்டதற்குச் சிங்களத்தில் பதிலா என்று டொக்டர் விழித்தார். எனக்கு விளங்கிவிட்டது.

எண்பத்துமூன்று யூலைக் கலவரத்தில், தமிழரைத் தேடித் திரிந்த ஒரு கும்பல் என் கூட்டாளி வீரையாவைக் கடையிலிருந்து இழுத்துவந்து, பஸ்ஸுக்கு நின்ற என்னிடம், "இந்த ஆளைத் தெரியுமா?" என்று கேட்டது. என் சிங்களம் அரசாங்கக் கந்தோரில் இருபது வருஷம் தீட்டியது, பிசிறே இருக்காது. "தன்னே நே" என்றேன். பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

அவன் மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். பிறகு இருபத்துநாலு வருஷம் சேர்ந்து தேத்தண்ணி குடித்தோம். அந்தக் கதையை மட்டும் இருவரும் எடுக்கவில்லை.

"டொக்டர், உவன் மறதி வருத்தத்தாலதானே அப்பிடிச் சொல்லுறான்?"

"ஸ்கேன் பாத்தாத்தான் சொல்லலாம்."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: கூட்டாளிக்கு வியாதி இருக்கவேண்டுமென்று நூற்றெட்டுத் தேங்காய் நேர்ந்தேன்.

கம்பியூட்டர் எங்கள் மூளைகளைப் பேக்கரிப் பாண்போல நூற்றெண்பது துண்டாக்கி அளந்தது. என்னுடையதன் பருமனைக் கண்டு இரண்டு தரம் நின்று மூச்சு வாங்கியது. மூன்றாம் தரம் கடுகண்ணாவை வரைக்கும் கரண்ட் போனது.

ஞாபகம் தங்கும் இடம் கடல்குதிரை வடிவாம். என்னுடையது கொழுத்த குதிரை. வீரையாவினுடையது காய்ந்த நெத்தலி.

"நல்லாச் சுருங்கிப்போச்சு" என்றார் டொக்டர்.

"அப்ப பழசு ஒண்டும் ஞாபகமில்லை?"

"கனக்க இராது."

சிரித்துவிட்டேன். வீரையாவுக்கு முன்னாலேயே, பல் தெரிய.

அவன் சிரிக்கவில்லை. வெளியே வந்ததும் தெருவைக் காட்டினான்.

"பஸ் வந்துருச்சு சார். நீங்க ஏறிக்குங்க."

நோயாளி ஏதோ உளறுகிறான் என்று ஏறிக்கொண்டேன்.

வீரையாவினுடையது என்று டொக்டர் காட்டிய அந்த நெத்தலிப் படம் இப்போது என் அலுமாரியில் இருக்கிறது. அதன் மூலையில் அச்சாகியிருக்கும் பெயர் தேவராசா.