சேற்றுத் திட்டில் கடல்நாய்

செப்டம்பர் இரண்டாம் சனிக்கிழமை அந்தக் கழிமுகத்து ஊர்களில் ஒரு சர்ச்சும் பூட்டியிருக்காது. ஒழுகுகிற கூரைகளைச் செப்பனிடப் பணம் திரட்ட வருஷா வருஷம் நடக்கிற சைக்கிள் சுற்று. ஒவ்வொரு சர்ச்சிலும் ஒருவர் மேசை போட்டு, ஆரஞ்சுத் தண்ணீரும் பிஸ்கட்டும் வைத்துக்கொண்டு, வருகிறவர்களின் அட்டையில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். மொத்தம் ஒன்பது சர்ச், இருபத்தெட்டு மைல், மாலை ஆறு மணியோடு சரி. மேவிஸ் இதை முப்பத்தெட்டு தடவை சுற்றியிருக்கிறாள். முப்பத்தெட்டு தடவையும் பின்சீட்டில்.

இரண்டு பேர் மிதிக்கிற நீள சைக்கிள் அவர்களுடையது. முன்னால் கணவர் ஹெட்லி, பின்னால் அவள். ஹேண்டில், பிரேக் எல்லாம் அவர் பாடு, அவளுக்கு மிதிக்கிற வேலை மட்டும். ஹெட்லியின் முதுகோ கதவு மாதிரி அகலம். எதிரே யானை வந்தாலும் அவளுக்குத் தெரியாது. அதனால் அவர் கத்திக்கொண்டே போவார். "பள்ளம்!" என்பார். "சரி!" என்று இவள் உடம்பைத் தூக்கிக்கொள்வாள். "வளைவு!" "சரி!" அவர்கள் குடும்பம் நடத்தியதே ஏறக்குறைய இப்படித்தான்.

ஏப்ரலில் ஹெட்லி போய்ச் சேர்ந்தார். ஆகஸ்டில் மகன் நெவில் வந்து கொட்டகையை எட்டிப் பார்த்தான்.

"அம்மா, இதைக் குடுத்துடலாம். எடுத்துக்க ஒருத்தன் திங்கக்கிழமை வர்றேங்கிறான்."

"நான் ஓட்டுவேன்."

"நீயா? பொறந்ததுலேருந்து ஒரு நாளாவது ஹேண்டிலப் புடிச்சிருக்கியா?"

"இந்த வருஷமும் ஒன்பது கையெழுத்து வாங்கிட்டு வர்றேன். ஒண்ணு குறைஞ்சாலும் வந்து எடுத்துட்டுப் போகட்டும், போ!"

ரோஷத்தில் சொல்லிவிட்டாள். முன்சீட்டை இறக்கி வைத்து, மூன்று வாரம் கொட்டகைக்குப் பின்னால் ஓட்டிப் பழகினாள். அந்தச் சைக்கிளும் போய்விட்டால் வீட்டில் ஹெட்லியுடையது என்று மிச்சமிருப்பது ஒரு மழைக்கோட்டுதான்.

அந்தச் சனிக்கிழமை முதல் சர்ச்சைத் தாண்டி அரை மைல் கூடப் போயிருக்க மாட்டாள். நடுரோட்டில் ஒரு பள்ளம். பட்டப்பகல், கண்ணெதிரே, சட்டி அளவு பள்ளம். அவள் அதை நன்றாகவே பார்த்தாள். ஆனால் யாரும் "பள்ளம்!" என்று கத்தவில்லையே! கத்தாமல் ஒதுங்க அவள் உடம்புக்குத் தெரியவில்லை. நேரே பள்ளத்திலேயே கொண்டுபோய் விட்டாள். முழங்காலில் தோல் பெயர்ந்து ரத்தம் வழிந்தது. குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்த கதையாக, சைக்கிளும் மேலேயே விழுந்தது.

"கட்டையில போறவரே, சொல்றதுக்கென்ன!" என்று வாய்தவறிக் கத்திவிட்டாள். பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் அவளே கத்திக்கொண்டு போனாள். "பள்ளம்!" "வளைவு!" அப்படிக் கத்தினால்தான் கை திரும்பியது. ஆனால் அவர் பங்கைச் சொல்ல முடிந்தவளுக்குத் தன் பங்கைச் சொல்ல வாய் வரவில்லை. முப்பத்தெட்டு வருஷம் சொன்ன ஒரு "சரி" மட்டும் வெளியே வரவேயில்லை.

நான்காவது சர்ச் வாசலில் இளவட்டங்கள் இரண்டு மூன்று பேர் சைக்கிளில் அவளை உரசிக்கொண்டு போனார்கள். "அம்மா! பின்னாடி இருந்தவர் விழுந்துட்டாரு!" என்று ஒருவன் சிரித்தான்.

"விழலடா, எறங்கிட்டாரு!" என்று பதிலுக்குக் கத்தினாள். அவன் இன்னும் பலமாகச் சிரித்துக்கொண்டே போனான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

எட்டாவது கையெழுத்து வாங்கும்போது ஐந்தே கால். இனி ஆற்றங்கரையோடு ஒரு வளைவு, அப்புறம் ஆலைமேடு, மேட்டின் உச்சியில் கடைசி சர்ச். அந்த வளைவில்தான் வருஷம் தவறாமல் ஹெட்லி கத்துவார்: "கடல்நாய்! இடது பக்கம், சேத்துத் திட்டுல!" இவள் கழுத்தைத் திருப்புவதற்குள் வேலி வந்து மறைத்துவிடும். நீந்தி வந்து சேற்றில் படுக்கிற அந்த உருண்டைத் தலை மிருகத்தை முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரு தடவை கூட அவள் பார்த்ததில்லை.

இன்றைக்கு முன்னால் மறைக்க முதுகு இல்லை. வளைவு திரும்பியதும் ஆறு விரிந்தது. திட்டின் ஓரத்தில், தண்ணீருக்கு மேலே, கறுப்பாக உருண்டையாக ஒரு தலை!

"அட! இருக்கு! நெஜமாவே இருக்கு!" பிரேக்கைப் பிடித்து இறங்கிவிட்டாள். மூச்சுக்கூட விடாமல் பார்த்தாள். தலை அசையவில்லை. ஒரு கடற்காகம் பறந்து வந்து சாவகாசமாக அதன்மேல் உட்கார்ந்தது.

பழைய படகுத்துறையின் கட்டை. இற்றுப்போய், பாசி பிடித்து, ஒற்றையாக நிற்கிற கட்டை.

ஹெட்லி அந்த ஆற்றில் பிறந்து வளர்ந்தவர். அதில் எந்தக் கட்டை எங்கே நிற்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். தெரியாமல் சொல்லியிருக்க வழியே இல்லை.

"அடப்பாவி மனுஷா! முப்பத்தெட்டு வருஷமா?"

கோபம் பொங்கியது. அந்தக் கோபத்தை யார்மேல் காட்டுவது? திரும்பிப் பார்த்தாள். பின்சீட்டுதான் இருந்தது.

சைக்கிளில் ஏறி மேட்டை மிதித்தாள். பாதிகூட ஆகவில்லை, தொடை கெஞ்சியது, முழங்கால் எரிந்தது. இறங்கி, புல்லில் உட்கார்ந்து, சின்னப்பிள்ளை மாதிரி அழுதாள். இந்த மேடு இவ்வளவு நீளம் என்று அவளுக்கு எப்போதுமே தெரிந்ததில்லை. எப்படித் தெரியும்? கீழே "எங்கே, எங்கே?" என்று ஆரம்பிப்பாள். "முங்கிடுச்சு" என்பார். "பொய்!" என்பாள். "நீ மெதுவாத் திரும்பினா அது காத்துக்கிட்டிருக்குமா?" என்பார். வாய்ச்சண்டை சூடுபிடித்து ஓய்வதற்குள் உச்சி வந்திருக்கும்.

மேவிஸ் அழுகையை நிறுத்தினாள். கீழே அந்த வளைவையும் மேலே உச்சியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பிறகு எழுந்து சைக்கிளில் ஏறினாள். "புளுகு மூட்டை! கட்டையைக் காட்டிக் கடல்நாய்ங்கிறீங்களா? வெக்கமா இல்ல? நான் ஒரு முட்டாள், வருஷா வருஷம் கழுத்தத் திருப்பினேன் பாருங்க!" வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே மிதித்தாள். மூச்சு முட்டியபோதும் திட்டினாள். ஆறு மணிக்கு நாலு நிமிஷம் இருக்கும்போது உச்சியில் இருந்தாள்.

ஆர்னால்ட் ஸ்மை மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். எண்பது வயது, தனிக்கட்டை. இருபது வருஷமாக இந்த நாளில் அங்கே உட்காருகிறவர் அவர்தான். வருகிறவர்கள் பெயரை எழுதுகிற தாளில் மொத்தம் நாலு பெயர்தான் விழுந்திருந்தது. ஆரஞ்சுத் தண்ணீரில் ஒரு குளவி மிதந்தது.

"வா மேவிஸ், வா! எப்பவும் நீங்கதானே கடைசி. ஹெட்லி சைக்கிளைச் சாத்தி..." என்று சொல்லி வந்தவர், சட்டென்று நிறுத்தி வாயைப் பொத்திக்கொண்டார். தாளின் அடியில் காலையிலேயே அவர் எழுதி வைத்திருந்தார்: ஹெட்லி, மேவிஸ். "பழக்க தோஷம். அடிச்சுடறேன்."

"இருக்கட்டும் விடுங்க."

ஒன்பதாவது கையெழுத்து விழுந்தது. நெவில் இனி வாயைத் திறக்க மாட்டான். அவள் கிளம்பப் போனாள். கிழவருக்கு அவளை விட மனமில்லை. "வழியில விசேஷம் ஏதாச்சும் உண்டா?" என்றார்.

மேவிஸ் கொஞ்சம் யோசித்தாள். "கடல்நாய் பார்த்தேன். வளைவுல, சேத்துத் திட்டுல."

"மெய்யாவா! நான் ஒரு தடவை கூடப் பார்த்ததில்லையே!" பிஸ்கட் டப்பாவை அப்படியே போட்டுவிட்டு, தடியைக்கூட மறந்து, வேகுவேகென்று ஆறு தெரிகிற கேட் வரைக்கும் நடந்தார். "எங்க? எங்க?"

"போச்சு. முங்கிடுச்சு."

"அதுக்குள்ளேயா?"

"நீங்க மெதுவா எழுந்திரிச்சா அது காத்துக்கிட்டிருக்குமா?"

"ஓகோ! உன் கண்ணுக்கு மட்டும்தான் தெரியுமாக்கும்?" என்று அவர் சண்டைக்கு வந்தார். அவர் கன்னம் சிவந்திருந்தது.

அவள் சரிவில் இறங்கித் திரும்பிப் பார்த்தபோதும் ஆர்னால்ட் கண்ணுக்குமேல் கையை வைத்து ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு இன்னும் மூன்று மைல். முதல் திருப்பத்தில் ரோடு பெயர்ந்து கிடந்தது.

"பள்ளம்!" என்று கத்தினாள்.

பின்னாலிருந்து பதில் இல்லை. காத்திருந்து பார்த்துவிட்டு, "சரி" என்று அவளே சொன்னாள்.