வீட்டோடு ஒரு நர்ஸ்

மாமனாரின் கை அப்போது சூடாக இருந்ததாகத்தான் அவளுக்கு நினைவு. ஆனால் அதை நம்பலாமா என்று தெரியவில்லை. பஸ் நிறுத்தத்திலிருந்து வெயிலில் ஓடி வந்தவள் அவள். அந்தச் சூடு யாருடைய கையில் இருந்தது என்று இன்றைக்கும் அவளால் பிரித்துச் சொல்ல முடியாது. எடுத்து எடுத்துப் பார்த்துத் தேய்ந்துபோன நினைவு அது.

தெளிவாக நினைவிருப்பது வேறு. அவள் வாசற்படி ஏறும்போதே உள்ளேயிருந்து மாமியாரின் குரல் கேட்டது. "வந்துட்டா, வந்துட்டா." அந்தக் குரலில் அழுகை இல்லை. அப்பாடா என்ற நிம்மதி இருந்தது.

மாமியார் கட்டிலின் தலைமாட்டில் இருந்தார். கணவன் கால்மாட்டில். நாத்தனார் ஜன்னலோரம். மூவரும் எழுந்து அவளுக்கு வழிவிட்டார்கள். அவள் தோளில் இருந்த பையை இறக்காமலே மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு கழுத்தைத் தொட்டாள். இமையை விலக்கினாள். பார்த்து முடித்த பின்னும் விரலை எடுக்காமல் நின்றாள். எடுத்தால் வாயைத் திறக்க வேண்டியிருக்கும்.

"என்னம்மா? சொல்லும்மா."

"டாக்டரக் கூப்பிடுங்க."

"அதான் நீயே பாத்துட்டியே. அப்புறம் எதுக்கு டாக்டர்?" என்றான் கணவன். குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவனுக்குப் புரியவில்லை. அவள் திரும்பி அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. மாமியாருக்கு அதற்கும் பிறகு.

அழுகை ஓய்ந்த ஓர் இடைவெளியில் அவள் கேட்டாள். "எப்ப ஆரம்பிச்சுது?"

"நீங்க கிளம்பிக் கொஞ்ச நேரத்துலயே அண்ணி," என்றாள் நாத்தனார். "மூச்சு வாங்குச்சு. நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே தலகாணிய அடுக்கி நிமித்தி உக்கார வெச்சோம். விரல்ல அந்த ஆக்ஸிஜன் பாக்கற கிளிப்ப மாட்டினோம். நம்பர் எறங்கிட்டே போச்சு. உங்களுக்குப் போன் மேல போன்."

"ஆம்புலன்ஸுக்கு?"

சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. கணவன் எழுந்துபோய் அதை இறுக்கி மூடிவிட்டு வந்தான்.

"வீட்டோட நர்ஸ வெச்சுக்கிட்டு வெளிய யாரப் போயி கூப்பிடறது?" என்றாள் நாத்தனார் கடைசியில். "இதோ வந்துடுவீங்க, இதோ வந்துடுவீங்கன்னே உக்காந்திருந்தோம்."

அந்த நேரத்தில் அவளுடைய போன் ஆஸ்பத்திரியின் இரும்பு அலமாரியில் பூட்டிக் கிடந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள்; அங்கே அதுதான் விதி. அவள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து அடையாள அட்டைக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். "கொஞ்சம் சிரிங்க சிஸ்டர்," என்றான் படம் எடுத்தவன். முதல்முறையாக ஒருவர் அவளை அப்படிக் கூப்பிட்டார். அவள் சிரித்தாள். நன்றாகவே சிரித்தாள்.

காலையில் கிளம்பும்போது மாமனார் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பிச் சொல்லியிருக்கலாம். விழித்துக்கொண்டால் ஏதாவது கேட்பார், ஒன்று மாற்றி ஒன்று வரும், கிளம்ப முடியாது என்று பூனை மாதிரி நடந்து வெளியே வந்தாள்.

முப்பத்தெட்டு வயதில் கல்லூரியில் சேர்ந்தவள். பக்கத்தில் உட்கார்ந்த பெண்கள் எல்லாம் அவளை அக்கா என்றார்கள். ஒருத்தி ஆன்ட்டி என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். மாமனார் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், வாய்த் துடுக்கு அதிகம். "என்ன ஸ்டூடண்ட்டு, வீட்டுப்பாடம் முடிச்சாச்சா?" என்பார். "இந்த வயசுல படிச்சு யாருக்கு ஊசி போடப் போற, எனக்கா?" வீடே சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். அவள் படித்தது வீட்டைவிட்டு வெளியே போவதற்கு. காலையில் கிளம்பி, மாலையில் களைத்து, யாரோ ஒருத்தியாகத் திரும்பி வருவதற்கு. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அவள் தேர்ச்சி பெற்ற கையோடு மாமனாருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் வைத்திருக்கலாமே என்று யாருமே பேசவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே மாதிரி சொன்னார்கள்: "நீ படிச்சது வீண் போகலம்மா."

அவள் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தாள். எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது, மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சியை எப்படி ஊற்றுவது, புண் வராமல் முதுகை எப்படித் துடைப்பது. தான் இல்லாதபோது என்ன செய்வது என்று மட்டும் சொல்லிக் கொடுத்ததில்லை. தான் இல்லாத அந்த வீடு அவளுடைய கற்பனையிலும் வந்ததில்லை.

தெருமுனை டாக்டர் வந்தார். இளவயதுக்காரர். நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "எப்ப போச்சு?" என்றார். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"நான் வரும்போது..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள்.

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, நான் பாத்த நேரத்தையே போட்டுக்கறேன்."

உடம்பைத் துடைத்துச் சட்டை மாற்றும் வேலையும் அவளிடமே வந்தது. ஆண்கள் இருந்தார்கள். ஆனால் யாரும் முன்னால் வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்தாள். மூக்குக் குழாயை மெதுவாக இழுத்தெடுத்தாள். ஒட்டியிருந்த பிளாஸ்திரியின் தடம் கன்னத்தில் இருந்தது. அதை எண்ணெய் தொட்டு எடுத்தாள். மாமியார் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"காலேஜுல இதெல்லாமா சொல்லிக் குடுப்பாங்க?"

"ம்."

"இதுக்கும் பரீட்சையா?"

"பொம்மைக்குச் செஞ்சு காட்டணும் அத்தை."

மாமியார் கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாஸ் பண்ணிட்டியா?" என்றார்.

"பண்ணிட்டேன்."

தாடை விழாமல் துணி வைத்துக் கட்டினாள். முடிச்சு காதுக்குப் பின்னால் மறைந்திருக்க வேண்டும். மறைந்திருந்தது.

மறுநாள் எல்லாம் முடிந்து வந்தவர்கள் கலைந்தபோது நாத்தனார் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "அம்மா கால்ல அந்தப் புண்ணு இன்னும் ஆறல அண்ணி. சுகர் வேற. நீங்க இருக்கீங்கங்கற தைரியத்துலதான் கிளம்பறேன்," என்றாள். சொல்லும்போது கண் கலங்கியது. பொய்யாகக் கலங்கவில்லை. மாமியார் நாற்காலியில் சாய்ந்தபடி காலை அவள் பக்கமாக நீட்டினார். கேட்டு நீட்டவில்லை. பழக்கம்.

கட்டைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ், கல்லூரியில் அவளுக்குப் பாடம் எடுத்தவர். கையில் மருந்து ஈரம் காய்ந்திருக்கவில்லை. போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் வைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். விஷயம் கேள்விப்பட்டதாகவும், திங்கட்கிழமை வரை இடத்தைப் பிடித்து வைக்க முடியும் என்றும், அதற்கு மேல் தன் கையில் இல்லை என்றும் அவர் சொன்னார்.

"புரியுது மேடம்."

"வர்றியாம்மா?"

"சொல்றேன் மேடம்."

திரும்பினால் வாசலை அடைத்துக்கொண்டு கணவன் நின்றான். ஏசி பழுது பார்ப்பவன். அவனுடைய சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர் இருக்கும். இன்று அது இல்லாததால் வேறு ஆள் மாதிரி இருந்தான்.

"என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

"நீ போகலன்னா அங்க வேற ஒருத்தர் வந்துடுவாங்க," என்றான். குரல் தணிந்திருந்தது. "இங்க யார் வருவா?"

அவள் அவனைத் திட்ட நினைத்தாள். ஆம்புலன்ஸைக் கூப்பிடத் துப்பில்லாதவன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால், நீ மட்டும் எங்கே போயிருந்தாய் என்று அவன் கேட்பான் என்று அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் அவனும் சொல்லாமல் நின்றான். உள்ளேயிருந்து மாமியார் கூப்பிட்டார். "காத்து பட்டா எரியுதும்மா, சீக்கிரம் வா." கணவன் வாசலைவிட்டு ஒதுங்கினான்.

திங்கட்கிழமை அவள் போகவில்லை. அந்த இடத்துக்கு ஆன்ட்டி என்று சொல்லி நாக்கைக் கடித்துக்கொண்ட பெண் போனாள். இப்போது அந்தப் பெண் ஒரு வார்டுக்குப் பொறுப்பு. மாமியாரின் புண் ஆறியது. அதற்குப் பிறகும் அவர் பல வருடங்கள் இருந்து, தூக்கத்தில் போனார். நாத்தனார் ஊர் மாறிப் போய்விட்டாள், பேசும்போதெல்லாம் தன் ரத்த அழுத்தத்தைப் பற்றி அண்ணியிடம் ஆலோசனை கேட்கிறாள். இவள் ஐம்பதை நெருங்கும்போது வேறொரு தெருவில் இருக்கும் சிறிய கிளினிக்கில் காலை வேலைக்குச் சேர்ந்தாள். ஊசி போடுகிறாள், கட்டுப் போடுகிறாள். கணவன் தினமும் வண்டியில் கொண்டு விடுகிறான். அவள் உள்ளே போன பிறகும் அவன் வண்டியை அணைக்காமல் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கிறான்.