ஐந்து பத்துக்கு வருகிறவர்

ஹம்சா அந்த வேலைக்கு வந்து மூன்றாவது வாரம். மல்கிரேவ் என்ற புறநகரில் இரண்டு கிடங்குகளுக்கு நடுவே ஒடுங்கியிருந்த சின்ன அலுவலகம் அது. டயாலிசிஸ் நோயாளிகளை வீட்டிலிருந்து காரில் ஏற்றிப்போய் மருத்துவமனையில் விட்டு, முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும் தொண்டு நிறுவனம். யாரை யார் எத்தனை மணிக்கு ஏற்ற வேண்டும் என்ற பட்டியல், ஞாயிறு தவிர தினமும் காலை ஐந்து மணிக்கு ஓட்டுநர்களின் செல்பேசிக்குத் தானாகப் போகும். அனுப்புவது ஒரே ஒரு லினக்ஸ் சர்வர். எல்லாம் இலவச மென்பொருள். எட்டு வருடமாக ஒருவரே பார்த்துப் பார்த்துக் கட்டியது. அவர் பெயர் யோகேஸ்வரன். பிப்ரவரியில் ஆட்குறைப்பு என்று அவரை அனுப்பிவிட்டு, சர்வரை ஒரு வெளி நிறுவனத்திடம் ஒப்படைத்தார்கள். அது சரிப்பட்டு வரவில்லை. ஜூலையில் ஹம்சாவை எடுத்தார்கள்.

சர்வருக்குள் யார் எப்போது நுழைந்தார்கள் என்ற பதிவை அன்று புரட்டிக்கொண்டிருந்தவள், ஓரிடத்தில் நின்றாள். யோகேஸ்வரனின் பெயர். அன்று காலை ஐந்து பத்துக்கு உள்ளே வந்து, நான்கு நிமிடத்தில் வெளியேறியிருந்தது. முந்தின நாளும் அதே ஐந்து பத்து. பின்னால் போகப் போக, பிப்ரவரி வரைக்கும் ஞாயிற்றுக்கிழமை தவிர ஒரு நாள்கூட விடவில்லை.

உள்ளே இருப்பது நோயாளிகளின் முகவரியும் நோய் விவரமும். வேலையை விட்டுப்போன ஆளுக்கு அங்கே என்ன வேலை? உடனே அவருடைய அனுமதியைப் பறித்துவிட்டு, மேலாளர் ஹெலனிடம் சொல்ல வேண்டியதுதான் முறை. கை விசைப்பலகைக்குப் போய்விட்டது. ஆனாலும் அவர் என்னதான் செய்தார் என்று பார்த்துவிடுவோம் என, அவர் தட்டிய கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படித்தாள்.

தினமும் ஒரே காரியம். பட்டியல் போய்விட்டதா என்று பார்ப்பார். போயிருந்தால் வெளியேறிவிடுவார். போகாத நாளில், செய்தி அனுப்பும் மென்பொருளை மறுபடி ஓடவிட்டு, பட்டியல் போகும்வரை காத்திருந்துவிட்டுப் போவார். அப்படிப் பதினோரு நாள். நோயாளிகளின் விவரத்தை ஒரு தடவைகூடத் திறக்கவில்லை.

அவரை உள்ளே விடாமல் பூட்டிய பிறகு, நாளைக்குப் பட்டியல் போகாவிட்டால் என்ன ஆகும்? நாற்பது பேர் இந்த ஜூலை மாதக் குளிர்காலக் காலையில் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எது அதை நிறுத்துகிறது என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை. பழைய கோப்பில் அவருடைய தொலைபேசி எண் இருந்தது. அழைத்தாள்.

"என் பேரு ஹம்சா. நீங்க பாத்த வேலையில இப்ப நான் இருக்கேன்."

மறுமுனையில் யோகேஸ்வரன் பேசினார். "ஓம். ஒருநாள் கோல் எடுப்பீங்கள் எண்டு தெரியும்."

அவர் எதையும் மறைக்கவில்லை. ஒரு புதன்கிழமை காலையில் இனி வேலை இல்லை என்று சொன்னார்களாம். மத்தியானத்துக்குள் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்களாம். இரவில் தகவல்களை நகலெடுத்து வைக்கும் பேக்கப் சில நாள் நீண்டுபோகும், அப்போது செய்தி அனுப்பும் மென்பொருள் சிக்கி நின்றுவிடும் என்பது அவருக்கு முன்பே தெரியும். அடுத்த வாரம் சரிசெய்வதாக இருந்தார். வெளி நிறுவனத்துக்கு இரண்டு மின்னஞ்சல் போட்டும் பதில் இல்லை. ஒரு காலை, சர்வருக்குள் நுழையும் தன் பழைய மின்சாவி இன்னும் வேலை செய்கிறதா என்று முயன்று பார்த்தார். செய்தது. அன்றைக்குப் பட்டியல் போகாமல் நின்றிருந்தது. அதற்குப் பிறகு அவரால் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

"செய்யக்கூடாத வேலைதான். நான் நியாயம் சொல்ல வரேல்ல. முதல்ல என்ர சாவியை எடுத்து விடுங்கோ. பிறகு மிச்சத்தைக் கதைப்பம்."

அவர் தொலைபேசியில் இருக்கும்போதே அவள் அதை நீக்கினாள். "எடுத்துட்டேன்" என்றாள். அவர் பெருமூச்சு விட்டது கேட்டது.

பிறகு அரை மணி நேரம், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஹம்சா பேக்கப்பை மாலைக்கு மாற்றினாள். மென்பொருள் சிக்கினால் தானே மறுபடி எழுந்து ஓடும்படி செய்தாள். ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்குள் பட்டியல் போகாவிட்டால் தன் செல்பேசி அலறும்படியும் வைத்தாள். சர்வரின் நகல் ஒன்றில் வேண்டுமென்றே அந்த மென்பொருளைச் சிக்கவைத்துப் பார்த்தாள். எழுந்து ஓடியது.

அதன்பிறகுதான் ஹெலனின் அறைக்குப் போனாள். நடந்ததைக் கேட்டு ஹெலனின் முகம் வெளுத்துவிட்டது. போலீசுக்குச் சொல்ல வேண்டுமா என்று கேட்டார். யோகேஸ்வரன் நுழைந்தது தப்பு, ஐந்து மாதம் கதவைத் திறந்து வைத்திருந்தது நம் தப்பு, இரண்டையும் எழுதியிருக்கிறேன் என்று ஹம்சா அறிக்கையை நீட்டினாள். வழக்கறிஞரிடம் பேசிவிட்டு, ஹெலன் அவருக்கு ஒரு கண்டிப்பான கடிதம் அனுப்பினார். யார் விலகினாலும் அன்றே அவர்களுடைய சாவி போக வேண்டும், பொறுப்பை மாற்றிக்கொடுக்க மூன்று நாளாவது தர வேண்டும் என்று புதிய விதியும் வந்தது.

செப்டம்பரில் யோகேஸ்வரன் கூப்பிட்டார். ஒரு நகராட்சியில் வேலைக்கான நேர்முகத் தேர்வு முடிந்திருக்கிறது, தன்னைப் பற்றி விசாரிக்க ஹம்சாவின் பெயரைக் கொடுக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"கேட்டா நடந்ததை எல்லாம் சொல்லிடுவேன்."

"அதுக்குத்தான் உங்களைக் கேக்கிறன்."

மறுநாள் அந்த நகராட்சியிலிருந்து ஒரு பெண் பேசினார். அவரை நம்பி எங்கள் சர்வர்களைக் கொடுக்கலாமா என்று கேட்டார். ஹம்சா ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கேட்டுவிட்டு அந்தப் பெண் இன்னொரு கேள்வி கேட்டார். உங்கள் குழுவில் அவரைச் சேர்த்துக்கொள்வீர்களா என்றார். சேர்த்துக்கொள்வேன், ஆனால் விலகுகிற அன்றே சாவியைப் பிடுங்கிவிடுவேன் என்றாள் ஹம்சா. அந்தப் பெண் சிரித்துவிட்டார்.

அடுத்த வாரமே ஹம்சாவுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. வேலை கிடைத்துவிட்டது, திங்கட்கிழமை சேர்கிறேன் என்று எழுதியிருந்தார் யோகேஸ்வரன்.